கல்லாங்குத்து என்று எழுதியிருந்த காடு

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் 6 ஏக்கர் சொச்சம் காட்டுக்கு, வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் ‘கல்லாங்குத்து’ என்று பெயர். கல்லும் கரம்புமாகக் கிடக்கும், எதுவும் விளையாத புறம்போக்கு என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லோடு மூன்று வருடம் மல்லுக்கு நின்றிருக்கிறோம். சென்னையைச் சுற்றி இதே மாதிரி துண்டுக் காடுகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு இடத்தில் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். தென் சென்னையின் ஓரம் என்பதற்கு மேல் இடத்தைச் சொல்லவில்லை, யார் பெயரையும் எழுதவில்லை. இதில் வருபவர்கள் பலர் இன்னும் அதே பொறுப்புகளில் இருக்கிறார்கள், நல்லது செய்தவர்களுக்கும் அதனால் தொந்தரவு வரக்கூடாது.

முதலில் காட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சென்னைக்காரர்களுக்குக் காடு என்றால் கிண்டி. 1978-ல் தேசியப் பூங்கா ஆன கிண்டியில் இன்று மிச்சமிருப்பது 2.7 சதுர கிலோமீட்டர். முன்பு கிட்டத்தட்ட 5 சதுர கிலோமீட்டர் இருந்த காட்டிலிருந்துதான் 1950களில் ஐஐடிக்கும் காந்தி மண்டபத்துக்கும், பிறகு மற்ற நினைவு மண்டபங்களுக்கும் நிலம் போனது. அதை விட்டால் கொம்பன் ஆந்தைக்குப் பேர்போன நன்மங்கலம், அப்புறம் வண்டலூர். இவையெல்லாம் வனத்துறையின் கையில் இருக்கின்றன, வேலி உண்டு, காவலர் உண்டு, சட்டம் உண்டு. ஆனால் ஏரிக்கரை, குன்றின் அடிவாரம், கைவிட்ட கல்குவாரியின் ஓரம் என்று இவற்றுக்கு நடுவே நாலு ஏக்கர், பத்து ஏக்கர் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அவை வனத்துறைக்குச் சொந்தமில்லை, வெறும் புறம்போக்கு. அவற்றுக்குக் காவல் என்று ஒருவர் இருக்க முடியுமானால் அது அந்த வார்டு கவுன்சிலர்தான். இதை நான் புரிந்துகொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இந்தக் காட்டுக்குப் புத்தகத்தில் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். சோழமண்டலக் கரையை ஒட்டி வளரும் நம் ஊர்க் காடு. மழை பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிட, மீதி மாதங்கள் காய வேண்டிய இடம் இது, ஆனாலும் இலை உதிர்க்காது. இலைகள் சின்னதாக, தோல் மாதிரி தடிப்பாக இருக்கும். மரங்கள் வானத்தைத் தொடாது, இரண்டு ஆள் மூன்று ஆள் உயரம்தான். வெளியில் ரோட்டில் நின்று பார்த்தால் முள் சுவர். சூரை, களா, சங்கஞ்செடி எல்லாம் ஓரத்தில் பின்னிக்கொண்டு நிற்கும். குனிந்து உள்ளே போனால்தான் தெரியும், மே மாத மத்தியானத்திலும் தரை குளிர்ச்சியாக இருக்கும், சருகுக்குக் கீழே மண் பொலபொலவென்று இருக்கும். வெளியே நின்றே பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பதினோரு வருடம் அந்தத் தெருவில் குடியிருந்த நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல்முறையாக நகரங்களிலும், கிராம சபை மாதிரி, ஏரியா சபா கூட்டங்கள் நடந்தன. அதற்கு அடுத்து நடந்த கூட்டம் ஒன்றில்தான் எங்களுக்கு விஷயமே தெரியும். கல்லாங்குத்து இடத்தில் சமுதாய நலக்கூடம் கட்டப்போகிறோம், நிலமாற்றம் கேட்டுக் கலெக்டருக்குக் கருத்துரு போகப்போகிறது என்று எங்கள் கவுன்சிலர் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டியது நியாயம்தான், தனியார் மண்டபத்தில் ஒரு வளைகாப்பு நடத்தவே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. நாங்கள் ஏழெட்டுப் பேர் மட்டும் கை தட்டவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் செய்ததில் பாதி தப்பு. ஒளிக்காமல் சொல்கிறேன், யாராவது அதே குழியில் விழாமல் இருக்கலாம்.

முதலில் ஆளுக்கொரு அட்டை பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு ஊர்வலம் போனோம். கவுன்சிலர் வீட்டு வாசல் வழியாகத்தான் போனோம், ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை எதிராளி என்று முடிவு செய்துவிட்டோம். ஒரு பெண், முதல்முறை ஜெயித்தவர், பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர், அதனால் வீட்டுக்காரர் சொல்வதைத்தான் கேட்பார் என்று எங்களில் சிலர் பேசினார்கள். அது எவ்வளவு தப்பு என்று பின்னால் தெரிந்தது. பிறகு முதல்வரின் தனிப்பிரிவுக்கு மனு போட்டோம். மனு சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கி, கடைசியில் எந்த அலுவலகத்தின் மேல் குறை சொன்னோமோ அந்த அலுவலகத்துக்கே வந்து, அங்கிருந்து எங்களுக்குப் பதில் வந்தது. மேற்படி புல எண்ணில் காடு ஏதும் இல்லை, கல்லாங்குத்து புறம்போக்கு என்றே பதிவாகியுள்ளது. அவ்வளவுதான் பதில். அதில் பொய் ஒன்றும் இல்லை, பதிவேட்டில் இருப்பதைத்தான் எழுதியிருந்தார்கள்.

மூன்றாவது தப்புதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. இது வெறும் புதர் என்கிறார்களே, மரம் நட்டுக் காட்டுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை 150 கன்றுகளோடு போனோம். குழி தோண்ட இடம் வேண்டும் என்று சூரையையும் களாவையும் நாங்களே அரிவாளால் வெட்டிச் சுத்தம் செய்தோம். நட்டது வேம்பும் புங்கமும். அடுத்த கோடையில் முக்கால்வாசி காய்ந்துபோனது, வெட்டின இடத்தில் சீமைக் கருவேலம் வந்தது. ஐப்பசியில் வழக்கமாக அந்தச் சருகுத் தரையில் தத்தித் தத்தி இரை தேடும் ஆறுமணிக் குருவி அந்த வருடம் அந்தப் பக்கமே வரவில்லை. நிற்கிற காட்டுக்குள் கன்று நடாதீர்கள். அதற்கு வேண்டியது வேலியும், குப்பை போடாமல் இருப்பதும், நெருப்பு வைக்காமல் இருப்பதும்தான், மீதியைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும்.

திருப்பம் வந்தது ஆடு மேய்க்கும் ஆயாவால். எழுபது வயது இருக்கும், அந்தக் காட்டின் ஓரத்திலேயே வாழ்க்கையை ஓட்டினவர். நாங்கள் அட்டை பிடித்துக்கொண்டு நின்ற நாட்களில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “இன்னாம்மா, காடு காடுன்றியே, உள்ள இன்னா இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது ஆயா என்றேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இது பாலை, உலக்கைக்கு இதைத்தான் வெட்டுவாங்க, பழம் தின்னா உதடு ஒட்டிக்கும். இது காசான், அருவா மொண்ணையாயிடும். இது வீரை. இது குருந்து. இது காரை, முள்ளு ஏறினா சீழ் புடிக்கும். இது நுணா, இது உசிலை, தலைக்குத் தேய்ச்சிருக்கியா? ஒரு மணி நேரத்தில் முப்பதுக்கு மேல் பெயர் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டே போனேன், கை நடுங்கியது. அந்த மூன்று மாதமும் காட்டைக் காப்போம் என்று கத்தியவர்களில் ஒருவருக்கும் இந்தப் பெயர்கள் தெரியாது.

அதிலிருந்து வேலை வேறு மாதிரி ஆனது. ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் நாலு சனிக்கிழமை எங்களோடு வந்தார். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, எட்டு இடத்தில் எண்ணினோம். ஆயா பெயர் சொல்ல, பேராசிரியர் அறிவியல் பெயர் சொல்ல, பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ எடுத்தான். ஒவ்வொரு செடிக்கும் ஊர்ப்பெயர், எதற்குப் பயன், எப்போது பூக்கிறது, யார் சொன்னது என்று நாலு பத்தி. ஊரில் இருக்கும் செடிகொடி, உயிரினங்களை உள்ளாட்சி எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டின் படிவத்தில் கேட்பதும் பெரும்பாலும் இதுதான் என்று பிறகு தெரிந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மூன்று விஷயம் கேட்டோம். அந்தப் புல எண்ணின் அ-பதிவேட்டு நகலும் புலப்படமும் வேண்டும், நலக்கூடத்துக்கான கருத்துருவின் நகல் வேண்டும், மாநகராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், பதிவேடு எங்கே என்று சொல்ல வேண்டும். மூன்றும் வந்தன. கருத்துருவோடு மரங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. மரம் 19, மற்றவை முட்புதர்கள் என்று எழுதியிருந்தார்கள். அரசு நிலத்தில் மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்காகத் தயாரித்த பட்டியல் அது. மார்பு உயரத்தில் நல்ல பருமன் உள்ளதை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். எங்கள் கயிற்றுச் சதுரம் ஒன்றிலேயே அதைவிட அதிகமாகப் பாலையும் காசானும் இருந்தன, எல்லாம் கைத்தடிப் பருமன், மெதுவாக வளரும் மரங்கள் என்பதால் வயது மட்டும் நம்மைவிடக் கூடுதலாக இருக்கும். பருமனை வைத்து எண்ணினால் இந்த வகைக் காடு ஒருபோதும் காடாகத் தெரியாது. உங்கள் இடத்துக்கு இப்படி ஒரு பட்டியல் போயிருந்தால் அதை முதலில் வாங்கிப் பாருங்கள்.

பல்லுயிர் குழு விஷயம் இன்னும் முக்கியம். 2002-ம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டம் 41-வது பிரிவின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இந்தக் குழு இருக்க வேண்டும். பல வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் கட்ட வேண்டும் என்றதும்தான் நாடு முழுக்க வேகம் பிடித்தது. அந்த வேகத்தில் எங்கள் பகுதிக்கும் ஒரு பதிவேடு தயாராகியிருக்கிறது, அதில் எங்கள் காட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோபம்தான் வந்தது. ஆனால் பேராசிரியர் வேறு மாதிரிப் பார்த்தார். “பதிவேட்டுல திருத்தம் சேர்க்கலாம்மா. சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியது உங்க கவுன்சிலர்” என்றார்.

அப்போதுதான் கவுன்சிலரிடம் போனோம். ஊர்வலம் நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். “அக்கா, அன்னைக்கு என் வீட்டு வாசல்ல கத்திட்டுப் போனீங்க, உள்ள வந்திருந்தா ஒரு காபி குடிச்சிட்டுப் பேசியிருக்கலாமே?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு அவரே வந்தார், தனியாக. ஆயா முன்னால் நடந்தார்.

உள்ளே கொஞ்ச தூரம் போனதும் கவுன்சிலர் களாச்செடியைப் பார்த்து நின்றுவிட்டார். வந்தவாசிப் பக்கம் அவர் பிறந்த ஊரில் களாக்காயை உப்பில் ஊறப்போடுவார்களாம். இது இங்கே இருப்பதே தெரியாது என்றார். ஆனால் அதோடு மனம் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வெளியே வந்ததும் நேராகப் பேசினார். “அக்கா, நீங்க காடுன்றீங்க. எனக்கு ராத்திரி பத்து மணிக்கு வர்ற போன் எல்லாம் பாம்பு, குடிகாரன், குப்பை இந்த மூணுக்குத்தான். ஹால் கட்டித் தரேன்னு ஓட்டு கேட்டிருக்கேன். இது எல்லாத்துக்கும் எனக்கு வழி சொல்லுங்க, நான் காட்டுக்கு நிக்கறேன்.”

இது நியாயமான பேரம். உள்ளாட்சியில் இருக்கிற ஒருவர் காட்டுக்காக நிற்க வேண்டுமென்றால், மறுநாள் தெருவில் அவர் தலைநிமிர்ந்து நடக்கிற மாதிரி ஏதாவது கையில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று மட்டும் சொல்கிற எங்களை எதற்கு அவர் நம்ப வேண்டும்?

மூன்று மாதம் அந்த வழிகளைத்தான் தேடினோம். நலக்கூடத்துக்கு மாற்று இடம் முதலில். பக்கத்து அபார்ட்மெண்ட்காரர்கள் மாநகராட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்த ஓஎஸ்ஆர் நிலம் இருந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால் அந்த மனையில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும், அந்த நிலம். அதில் கட்டலாமே என்று சிலர் சொன்னார்கள். கூடாது, அது பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும் மட்டும்தான், அதை மீறச் சொல்லி நாமே கேட்டால் நாளைக்கு நம் பேச்சை யார் மதிப்பார்கள் என்று எங்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம். கடைசியில் மாநகராட்சியோடு சேர்வதற்கு முன்பிருந்த பழைய அலுவலகக் கட்டடம், பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது, அதை இடித்துவிட்டு அங்கே கட்டலாம் என்று கவுன்சிலரே கண்டுபிடித்தார். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கம், ஆட்டோ செலவு மிச்சம் என்று ஜனங்களுக்கும் பிடித்துப்போனது. ஓஎஸ்ஆர் நிலம் காட்டை ஒட்டியே இருந்ததால் அதில் புல்தரை போடாமல், காட்டுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு இடைவெளியாக விடச் சொன்னோம். தெருவிளக்கு ரோட்டுப் பக்கம் மட்டும், வெளிச்சம் கீழ்நோக்கி. கம்பிவேலி, குப்பை போடும் முனையில் ஒரு கேட். பாம்பு பிடிக்கத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடும் எண்ணை எல்லா வீட்டிலும் ஒட்டினோம். இவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு ஈசிஆரில் புதுச்சேரிக்கு முன்னால் இருக்கும் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போனோம். கவுன்சிலர், அவர் மாமியார், பக்கத்து வார்டு கவுன்சிலர் ஒருவர், ஆயா, நாங்கள். அங்கே கோயிலைச் சுற்றி இருப்பது இதே காடுதான், ஆனால் கை வைக்காத காடு. எங்கள் ஊரில் கைத்தடிப் பருமனில் இருக்கும் மரம் அங்கே கட்டிப்பிடிக்கிற அளவுக்கு நின்றது. மண் குதிரைகளுக்குப் பின்னால் அப்படியே இருட்டாகக் காடு. சுள்ளி ஒடித்தால் அய்யனார் கேட்பார் என்று பயம். திரும்பி வரும்போது கவுன்சிலர் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், “சாமி இருந்தா விட்டு வெக்கறோம், இல்லேன்னா ஜேசிபி விடறோம், அப்படித்தானே?” என்றார்.

அந்த வாரமே எங்களில் ஒருவர், அப்படியென்றால் நாமும் ஒரு வேல் நட்டுவிடலாமே, யாரும் தொட மாட்டார்கள் என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், பல இடத்தில் நடப்பதுதான். ஆனால் வேல் வந்தால் மேடை வரும், மேடை வந்தால் தகரக் கொட்டகை வரும், அப்புறம் வண்டி நிறுத்த இடம். புறம்போக்கில் அதுவும் ஆக்கிரமிப்புதான். வேண்டாம் என்று முடிவெடுத்தோம், அதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன், அவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

தீர்மானம் எழுதினதை விரிவாகச் சொல்ல வேண்டும், உழைப்பெல்லாம் நிற்பதும் விழுவதும் அந்த ஒரு பக்கத்தில்தான். வக்கீல் தோழி ஒருத்தி உதவினாள். அவள் முதலில் சொன்னது கோதவர்மன் வழக்கு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிலம் யாருக்குச் சொந்தமானாலும் அகராதிப் பொருளில் காடாக இருந்தால் அது காடுதான் என்றது. 2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது அதற்கு ஆபத்து வந்தது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் அந்தப் பழைய பொருளையே பின்பற்றச் சொன்னது. அப்போ வழக்கே போடலாமே என்றேன். “போடலாம்டி. ஆனா கோர்ட்டுல முதல் கேள்வி, உள்ளாட்சி என்ன சொல்லுதுன்னுதான் வரும். உள்ளாட்சி உன் பக்கம் இருந்தா வழக்கே தேவைப்படாது” என்றாள். அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தத்தில் நகராட்சிகளின் பணிகளைச் சொல்லும் 12-வது அட்டவணையில், நகர்ப்புறக் காடு வளர்ப்பும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் 8-வதாக இருக்கிறது. ரோடும் விளக்கும் மாதிரி இதுவும் அவர்கள் வேலைதான். எங்கள் தீர்மானத்தின் முதல் வரி அதுதான்.

அப்புறம் மூன்று பகுதி. நலக்கூடத்துக்காக நிலமாற்றம் கேட்ட கருத்துருவை மாநகராட்சி திரும்பப் பெறுகிறது. இந்த இடத்தைப் பல்லுயிர்ப் பதிவேட்டில் இணைப்புப் பட்டியலோடு சேர்த்து இயற்கையான நிலையிலேயே பராமரிக்கிறது, உள்ளே கட்டடம், நடைபாதை, புல்தரை, அலங்கார விளக்கு எதுவும் கூடாது. மூன்றாவது, இந்தப் புல எண்ணைத் தடையாணைப் பதிவேட்டில் சேர்க்கும்படி கலெக்டரைக் கேட்டுக்கொள்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் பி.ஓ. புக் என்று கேட்டால்தான் புரியும். யாருக்கும் ஒப்படை செய்யக்கூடாத நிலங்களை எழுதிவைக்கும் பதிவேடு அது. புறம்போக்கு அரசுக்குச் சொந்தம், மாநகராட்சிக்கு இல்லை. இந்த மன்றம் போடும் தீர்மானத்தை அடுத்த மன்றம் மாற்றிப் போடலாம், வேறு துறையும் இடம் கேட்கலாம். அதனால் மூன்றாவது பகுதி இல்லாமல் முதல் இரண்டு நிற்காது. நடைபாதை கூடாது என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள், காட்டைப் பூங்காவாக்கிவிட்டுக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்வதுதான் இப்போது அதிகம் நடக்கிறது.

மன்றக் கூட்டத்துக்கு முன்பு கவுன்சிலர் செய்ததை நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சரிவுக்குக் கீழே, ஏரிக்குத் தண்ணீர் போகும் வழியில் இருக்கும் நாலு வார்டு கவுன்சிலர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். அதில் இரண்டு பேர் எதிர்க்கட்சி. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் உங்க தெருவுல எவ்வளவு தண்ணி நின்னுச்சு, மேல இருக்கிற காட்டையும் சிமெண்ட் போட்டுட்டா எவ்வளவு நிக்கும், இதுதான் அவர் கேட்டது. மன்றத்தில் ஒருவர், பாம்புக்குப் பார்க் கட்டுறீங்களா என்றார். இன்னொருவர், வேறு இடத்தில் கன்றுகளை நெருக்கமாக நட்டு வளர்க்கும் மியாவாக்கி காடு போட்டுக்கொள்ளலாமே என்றார். 2020-ல் கோட்டூர்புரத்தில் தொடங்கி மாநகராட்சி அப்படிப் பல இடத்தில் நட்டிருக்கிறது, நல்ல விஷயம்தான். குப்பை கொட்டின வெற்று நிலத்தைப் பசுமையாக்க அது சரி, நிற்கிற காட்டை வெட்டிவிட்டு அதற்கு ஈடாக வைக்க முடியாது என்று எங்கள் கவுன்சிலர் பதில் சொன்னார். அரிட்டாபட்டியையும் சொன்னார். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அந்த ஊர் இருக்கும் வட்டாரத்தில் 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது கிராம சபைகள் தீர்மானம் போட்டன, ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. “ஒரு கிராமசபையால முடிஞ்சது நம்ம மாநகராட்சியால முடியாதா?” என்று கேட்டார். பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. தீர்மானம் நிறைவேறியது.

நிறைவேறி ஐந்தாவது மாதம், ஒரு வேலை நாள் காலை, மழைக்கு முந்தைய சுத்தம் என்று ஜேசிபி உள்ளே இறங்கி நாற்பது சென்ட் போல வழித்துவிட்டது. ஓட்டியவர் மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. கவுன்சிலர் வந்து வண்டிக்கு முன்னால் நின்றார், அதற்குள் பாலை மரங்கள் மூன்று நான்கு போய்விட்டன. ஆயா அன்றைக்குச் சாப்பிடவில்லை. தீர்மானத்தின் நகல் மேலே போனதே தவிரக் கீழே வரவில்லை. இப்போது ஒவ்வொரு வருடமும் ஆவணியில் நாங்களே நகலெடுத்துக்கொண்டு போய்ச் சுகாதார ஆய்வாளர், தூய்மைப் பணி மேற்பார்வையாளர், மின்வாரிய லைன்மேன், ஜேசிபி வைத்திருக்கும் ஒப்பந்ததாரர், கிராம நிர்வாக அலுவலர் எல்லோர் கையிலும் கொடுக்கிறோம். வழித்த இடத்தில் ஒரு மழைக்கே சீமைக் கருவேலம் வந்துவிட்டது. வெட்டினால் தழைக்கும், சின்னதாக இருக்கும்போதே ஈரமண்ணில் வேரோடு பிடுங்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு அதுதான் வேலை. மற்றபடி எதையும் தொடுவதில்லை, போன மழைக்கு அங்கே ஒரு குருந்து தானாக முளைத்திருக்கிறது.

ஒரு மூலையை விட்டுக்கொடுத்தோம். தெற்கு முனையில் 30 சென்ட், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு. அந்தப் பக்கத்து இரண்டு தெருவுக்குக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை, லாரிக்காகப் பெண்கள் ராத்திரி விழித்துக்கொண்டிருந்தார்கள். வேறு மேட்டு இடம் இல்லை. அதை எதிர்த்திருந்தால் அந்த இரண்டு தெருவும் காட்டுக்கு எதிரியாகியிருக்கும். நான் அதற்குச் சம்மதித்தது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன், எங்கள் குழுவில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தடையாணைப் பதிவேட்டில் ஏறுவதற்கு இன்னும் கொஞ்ச காலம் அலைய வேண்டியிருந்தது. தாலுகா ஆபீஸ், சர்வேயர், மறுபடி தாலுகா ஆபீஸ். கவுன்சிலர் இரண்டு முறை எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். ஏறிவிட்டது. அ-பதிவேட்டில் இன்னும் கல்லாங்குத்துதான், அதை மாற்ற மனு போட்டிருக்கிறோம்.

2022-ல் வந்த மன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. எங்கள் வார்டு அடுத்த முறை எந்த ஒதுக்கீட்டில் வரும், இவர் மறுபடி நிற்பாரா எதுவும் தெரியாது. அதனால் தீர்மானம், செடிப் பட்டியல், புலப்படம், பி.ஓ. புக் நகல் எல்லாம் சேர்த்து ஆறு செட் ஃபைல் போட்டு வைத்திருக்கிறோம். எந்தக் கட்சி, யார் நின்றாலும் வேட்புமனு போட்ட வாரத்திலேயே ஆளுக்கு ஒன்று கொடுத்து, காலை ஆறரைக்குக் காட்டுக்குள் கூட்டிப்போவதாகத் திட்டம். முன்னால் நடக்க ஆயா வருவதாகச் சொல்லியிருக்கிறார். முட்டி வலி அதிகமாகிவிட்டது, அதனால் பெயர்களையெல்லாம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இப்போதே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.